பிர்னோவில் ஓடாத படம்

இந்தக் கதையை நானே பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை சார். நம்பாமலேதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆள் சிரிக்கிற கதையை யாராவது நிறுத்துவார்களா? இன்றைக்கு அதன் மிச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் நீங்களும் சிரியுங்கள், தப்பில்லை.

நீங்கள் கேட்கவில்லைதான். திருப்பூரில் ரயில் ஏறியதிலிருந்து வீட்டம்மாவிடம் போனில் பேசிக்கொண்டு வந்தீர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, பக்கத்து சீட்டில் இருக்கிறவன் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? உங்கள் மகள் கோடை விடுமுறையில் வெளிநாடு போய் சினிமா, டெலிவிஷன் தயாரிப்பு படிக்கப்போகிறாள். அம்மா வேண்டாம் என்கிறார். நீங்கள் போகட்டும் என்கிறீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று சொல்ல வந்தீர்கள், அதற்குள் சிக்னல் போய்விட்டது. இருங்கள், நீங்கள் இப்போது என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், நாம் குறுக்கே நிற்கக்கூடாது. அதுதானே? நானும் அதையேதான் சொன்னேன். அதனால் நீங்கள் பேசவேண்டாம், நான் பேசுகிறேன். சேலம் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

என் பெயர் தணிகாசலம். டிவி சீரியலில் வேலை. நடிகர் இல்லை, டைரக்டரும் இல்லை. நான் ப்ராம்ப்டர். அப்படி ஒரு பதவி டைட்டிலில் வராது. 'உதவி இயக்குநர்கள்' என்று ஒரு கூட்டம் மின்னல் மாதிரி ஓடுமே, அதில் கண் நன்றாகத் தெரிகிறவர்கள் என் பெயரைப் படித்திருக்கலாம்.

நம் சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை சார். காலையில் எழுதுவதை மத்தியானம் எடுக்கிறோம், நேரம் ஏது? மருமகள் பெங்களூரிலிருந்து வருவாள், மாமியார் கொச்சியிலிருந்து வருவார். இரண்டு பேருக்கும் தெரிந்த தமிழ் 'சாப்பிட்டாச்சா' மட்டும்தான். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்வேன். 'இந்த வீட்டுக்கு நான் மருமகளா வரல...' அவள் வாயசைப்பாள். '...மகளா வந்தேன்.' வாயசைப்பாள், அழுவாள். என் சத்தம் பதிவானாலும் கவலையில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டப்பிங் தியேட்டரில் வேறொருத்தி குரல் கொடுப்பாள். கண்ணீர் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது, எடுத்துக்கொடுத்தது நான். தமிழ்நாட்டு வீடுகளில் சாயங்காலம் ஓடுகிற சண்டையில் பாதி முதலில் என் வாயில் வந்ததுதான்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு பாவம் உண்டு. இடைவெளி. நடிகர் முழிக்கத் தொடங்கினால் அடுத்த கணம் வரி போய்ச் சேர்ந்துவிடவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று கோமதி சொல்வாள், என் மனைவி. வந்தால் என்ன? எல்லாருக்கும் வசதிதானே. ஹோட்டலில் சர்வர் என் மகளைப் பார்த்து என்ன வேண்டும் என்பார், அவள் யோசிப்பாள், நான் ரவா தோசை என்பேன். வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை குனிந்து உன் பெயர் என்ன என்று கேட்டார். குழந்தை வாயைத் திறப்பதற்குள் 'மஞ்சரி' என்றேன். 'உங்க பேரைக் கேட்கல சார்' என்றார் அந்தம்மா. நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

மஞ்சரி விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இந்தக் கோடைப் படிப்பைக் கண்டுபிடித்தாள். செக் நாட்டில் பிர்னோ என்று ஓர் ஊர். எட்டு வாரம். முதல் பாதியில் ஸ்டுடியோவில் மூன்று கேமரா வைத்து டிவி நிகழ்ச்சி எடுக்கவேண்டும். இரண்டாம் பாதியில் ஆளுக்கொரு பத்து நிமிஷப் படம். கடைசி நாள் ஊருக்கு நடுவே ஒரு பழைய தியேட்டரில் எல்லாப் படங்களையும் திரையிடுவார்கள், பெற்றோரும் வரலாம். எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடித்தது.

நேர்முகத்தேர்வு வீட்டிலிருந்தே, வீடியோவில். நான் மேஜைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் ஹானா என்று ஓர் ஆசிரியை. நீ ஏன் படம் எடுக்கவேண்டும் என்று கேட்டார். மஞ்சரி யோசித்தாள். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் உணர்வுகளை உலகத்துக்குக் காட்ட என்று கீழேயிருந்து இங்கிலீஷில் எடுத்துக்கொடுத்தேன். மேலேயிருந்து அப்படியே வந்தது. ஹானா திரையை உற்றுப் பார்த்தார். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றார். அப்பா இருக்கிறார் என்றாள். எங்கே என்றார். மேஜைக்குக் கீழே என்றாள். அது ஒன்றுதான் நான் எடுத்துக்கொடுக்காத பதில். எப்படியோ இடம் கிடைத்தது. என்னால் கிடைத்தது என்று நான் தம்பட்டம் அடிப்பதில்லை. வீட்டில் சொல்லியிருக்கிறேன், யூனிட்டில் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே போனதும் முதல் பாடம் என்ன தெரியுமா? பூங்காவில் ஒரு பெஞ்சில் காலை முழுக்க உட்கார்ந்து காதில் விழுவதை எழுதிக்கொண்டு வா. இதற்கு எதற்கு சார் பாஸ்போர்ட்? வடபழனி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் ஒரு நிமிஷத்தில் நோட்டு நிறைந்துவிடும். அடுத்த பாடம், வசனமே இல்லாமல் ஒரு காட்சி. ஊமைப் படம் எடுக்க அவ்வளவு தூரமா என்று கேட்டேன். சரி, பிள்ளை திணறுகிறது என்று பத்து நிமிஷப் படத்துக்கு நானே கதை பண்ணினேன். ஒரு அப்பா, அம்மா, மகள். மகள் வெளிநாடு போகிறாள், அப்பா தன் துக்கத்தை மறைத்துக்கொண்டு அவளுக்குத் தைரியம் சொல்கிறார். எழுதி அனுப்பினால் உணர்ச்சி போய்விடும் என்று வரிவரியாகப் பேசி வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினேன். அம்மா வரியை அம்மா மாதிரி, மகள் வரியை மகள் மாதிரி. பேசினதும் பேசினோம் என்று மற்றதையும் அதிலேயே அனுப்பினேன். வார்டன் கேட்டால் இப்படிச் சொல், ஹானா கேட்டால் அப்படிச் சொல், தலை வலிக்கிறது என்றாயே, டாக்டரிடம் இன்ன மாதிரி சொல்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பித்தாள். தெரியும் சாமி, சாப்பாடு ஒத்துக்கல, வீட்டு ஞாபகம், இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கோ என்று முழுசாகத் தைரியம் சொல்லி வைத்தேன். அவளும் சரிப்பா என்று வைத்துவிட்டாள். மனசு லேசாகியிருக்கும்.

நான் திரையிடலுக்குப் போக எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். விசா வந்துவிட்டது. பாண்டி பஜாரில் ஒரு கோட்டு வாங்கினேன். ஆகஸ்டில் அங்கே வெயில்தான் என்று மஞ்சரி சொன்னாள், யார் கேட்டது? யூனிட்டில் ப்ரேக்கில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாமியாராக நடிக்கிறவர் தன் சொந்தத் தமிழில் வாழ்த்தினார். நான் எடுத்துக்கொடுத்தேன்.

கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது போன். வராதீங்க அப்பா, படம் கெட்டுப்போச்சு.

இதுதான் சார் அந்தக் கதை. அவள் சொன்னபடியே சொல்கிறேன். நான் அனுப்பிய கதையைத்தான் எடுத்தாளாம். அம்மாவாக நடிக்க அந்த ஊரிலேயே மேகலா என்று ஒரு உடுமலைப்பேட்டைப் பெண் கிடைத்தாளாம்; கணவருக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பாவாக ஒரு உள்ளூர்க் கிழவர், நாடக நடிகர். அவருக்குத் தமிழ் எங்கே வரும்? மஞ்சரி என்ன செய்தாள், பிறந்ததிலிருந்து பார்த்ததைச் செய்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாக எடுத்துக்கொடுத்தாள். ஆனால் அங்கே எல்லாம் நேரடி ஒலி. நடிக்கும்போது என்ன பதிவாகிறதோ அதுதான் படம், டப்பிங் கூடாது என்பது படிப்பின் விதி. மைக் பிடித்தவன் போர்ச்சுகல் பையன். இந்தியாவில் இப்படித்தான் போலிருக்கிறது, அப்புறம் எப்படியாவது எடுத்துவிடுவார்கள் என்று மரியாதையாக இருந்துவிட்டானாம். எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மஞ்சரி குரல். கிழவர் மகளே என்பதற்கு முன்னால் இவள் மகளே என்கிறாள். அழுவதற்கு முன்னால் அழுங்க என்கிறாள். திரையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 'எல்லாம் உங்க தொழில்தான்ப்பா' என்றாள் போனில்.

மறுநாள் யூனிட்டில் சொன்னேன். என்ன சிரிப்பு. டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'தணிகா, உன் ரத்தம்யா அது' என்றார். எனக்கும் பெருமைதான். டாக்டர் பிள்ளை டாக்டராகிற மாதிரி. பொன்னாடையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள்.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைப் பீரோவில் மாட்டும்போதே ஒரு முள் குத்தியது சார். அது இத்தனை வருஷமாக வெளியே வரவே இல்லை. படம் கெட்டதால் என்னை வரவேண்டாம் என்றாளா? அல்லது நான் வரவேண்டாம் என்பதற்காகப் படம் கெட்டதா? எனக்குத் தெரியவேண்டியது இது ஒன்றுதான். அதை அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

யோசித்துப் பாருங்கள். என் மகள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. அவ்வளவு சன்னக் குரல். அவள் கேமரா பக்கத்தில் நின்று கத்தினாளாம், அது மைக்கில் விழுந்ததாம். அவள் கத்தி நான் கேட்டதே இல்லையே. அப்புறம் இன்னொன்று. திரும்பி வந்தவள் என்ன வேலைக்குப் போனாள்? சவுண்ட். நேரடி ஒலிப்பதிவு. கழுத்தில் ஒரு மெஷினைத் தொங்கவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படப்பிடிப்பு படப்பிடிப்பாகப் போகிறாள். ஒலியில் தடுக்கி விழுந்தவள் அந்தத் தொழிலுக்கே போவாளா? கேட்டதற்கு, அங்க செஞ்ச தப்பாலதான்ப்பா ஆர்வம் வந்தது என்றாள். அவள் வேலை என்ன தெரியுமா? எல்லாரையும் வாயை மூடச் சொல்வது. எத்தனையோ நல்ல வேலை இருக்க, என் பிள்ளைக்கு இது ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எனக்கே காது குத்துகிறாளா என்று ஒரு நாள் தோன்றும். சே, பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிறாயே, நீ என்ன மனுஷன் என்று மறுநாள் தோன்றும். கோமதியிடம் கேட்டால், 'அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று எழுந்து போய்விடுவாள். நான் அந்தக் கதையை இன்னும் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கவைப்பேன். அவர்கள் நம்பினால் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வரும். இப்படியே ஓட்டினேன்.

போன மாசம் வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் கேமராமேன் பெண்ணுக்கு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி ஒரு நண்பரிடம் பேசிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் ஒரு பெண் நின்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற மாதிரி நின்றாள். அப்புறம் கிட்டே வந்து, 'நீங்க மஞ்சரி அப்பாதானே?' என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

'உங்க குரலை எப்படி சார் மறக்கும்? அந்தப் படம் முழுக்க நீங்கதானே. நான்தான் அதுல அம்மா. மேகலா.'

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சிரித்தேன். இந்தத் தொழிலில் முகம் நன்றாகப் பழகியிருக்கும். படம் கெட்டுப்போன கதையைப் பாதி சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எதையோ உளறிவிட்டோம் என்று தெரிந்த முகம். நழுவப் பார்த்தாள், விடவில்லை. எனக்கு எல்லாம் தெரியும்மா, சும்மா உன்னைச் சோதிச்சேன் என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

படம் ஓடியிருக்கிறது சார். அந்தத் தியேட்டரில், கூட்டத்தோடு.

அதில் கிழவரும் இல்லை, நாடக நடிகரும் இல்லை. அப்பாவே இல்லை. ஒரு பெண் இருக்கிறாள், கூடப் படித்த யாரோ ஒருத்தி. அவள் பஸ்ஸில் ஏறுகிறாள், டிரைவர் எங்கே போகவேண்டும் என்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் பதில் சொல்கிறது. தமிழில். கீழே செக் பாஷையில் எழுத்து ஓடுகிறது. கடைக்குப் போகிறாள், அதே குரல். டாக்டர் எங்கே வலிக்கிறது என்கிறார், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, அதான்' என்று குரல் சொல்லிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா தட்டு வைக்கிறாள். அம்மா வாயைத் திறந்தாலும் அந்தக் குரல்தான் முந்துகிறது. நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் சார். நான் பண்ணின கதையில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. வார்டனுக்கு இப்படிச் சொல், டாக்டருக்கு அப்படிச் சொல் என்று போகிறபோக்கில் பேசினேனே, அதையெல்லாம் கோத்துப் படமாக்கியிருக்கிறாள்.

உங்களுக்கு முகம் ஏன் இப்படிப் போகிறது? முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் குரல் வந்ததே கிடையாது சார், அத்தனை வருஷத்தில், ஒரு எபிசோடில்கூட. எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் ஒரு தியேட்டரில் பத்து நிமிஷம் ஓடியிருக்கிறது. இதை ஏன் மறைக்கவேண்டும்? ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று மேகலாவைக் கேட்டேன்.

'முதல்ல நல்லா சிரிச்சாங்க' என்றாள். கையில் இருந்த ஐஸ்கிரீம் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்புறம் சிரிக்கல.'

ஏன் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் காட்சி கொஞ்சம் நீளமாக இருந்திருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். அவளும் இருக்கலாம் சார் என்றாள். முடிவு எப்படி என்றேன். முடிவில் அந்தப் பெண் தனியாக ஒரு அறையில் நிற்கிறாளாம். குரல் வரவில்லையாம். இப்போது வரும், இப்போது வரும் என்று அவளும் சுற்றிச்சுற்றிப் பார்க்கிறாளாம். வரவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறாளாம். மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறாளாம். படம் முடிந்துவிட்டது.

இதில் கதை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். திறந்த வாயோடு விட்டுவிட்டால் ஜனங்கள் என்னவென்று எழுந்து போவார்கள்? எங்கள் டைரக்டராக இருந்தால் அந்த இடத்தில் இரண்டு பக்கம் வசனம் வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் விஷயத்தைப் போட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். அந்த வருஷமே மஞ்சரி தன் போனில் அவளுக்குக் காட்டியிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

'நீங்க எங்க கேட்டீங்க?' என்றாள். 'பாத்தியான்னு கேட்டிருந்தா பாத்தேன்னு சொல்லியிருப்பேன்.'

சரி, எனக்குக் காட்டு என்றேன். அவளிடமே கேளுங்கள் என்று மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருபத்தேழு வருஷத் தாம்பத்தியம் சார். இவ்வளவு பெரிய வசனத்தை நான் எடுத்துக்கொடுக்காமல் அவள் பேசியதே கிடையாது.

அதனால்தான் பொள்ளாச்சி போனேன். அங்கேயிருந்துதான் இப்போது வருகிறேன். மஞ்சரி அங்கே ஒரு படத்துக்கு ஒலிப்பதிவு செய்கிறாள். ஆழியாறு பக்கம் ஒரு தோப்பில் படப்பிடிப்பு. சொல்லாமல் போய் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தேன். என் மகள் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள், காதில் ஹெட்போன். கையை லேசாகத் தூக்கினாள். அவ்வளவுதான், நூறு பேர் இருக்கிற இடம், ஜெனரேட்டரை அணைத்தார்கள், டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார், ஒருவர் இருமலை விழுங்கினார். எங்கள் செட்டில் புரொடியூசருக்கே இப்படி அடங்கமாட்டார்கள்.

பெரிய நடிகர் ஒருவர், பெயர் வேண்டாம், அண்ணன் தம்பி சண்டைக் காட்சி. தம்பியைப் பார்த்து 'அப்பா சாகும்போது உன்னத்தான் கேட்டாரு' என்கிறார். நிறுத்திவிட்டார். அடுத்த வரி வரவில்லை. முகம் கோணுகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, வார்த்தை வரவில்லை. வசனத்தாள் என் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் கிடந்தது, வந்ததுமே படித்துவிட்டேன், பழக்கதோஷம். எவ்வளவு நேரம் சார் பொறுக்கிறது? 'என்ன ஒரு வார்த்த கேக்கல' என்று எடுத்துக்கொடுத்தேன். நல்ல சத்தமாக.

தோப்பே திரும்பிப் பார்த்தது. அவர் மறக்கவில்லையாம். நடித்துக்கொண்டிருந்தாராம்.

டைரக்டர், சின்னப் பையன், வாயைத் திறந்தான். திட்டத்தான். அதற்குள் மஞ்சரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள். எங்கப்பாதான், என் பொறுப்பு, ஸாரி, இன்னொரு டேக் போகலாம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது சார். கடைசி வரிசையில் நின்ற எனக்கும் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் தென்னைமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எனக்குத் தயிர்சாதத்தை எடுத்து வைத்தாள். நான் ரயிலில் வரும்போதே காட்சியை முழுக்க எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஏன் மறைச்சே? அப்பாவைப் பார்த்தா வெக்கமா இருந்ததா? உலகத்துக்கெல்லாம் காட்டினியே, எனக்கு மட்டும் காட்டக்கூடாதா? என் வரிகள் தயார். அவள் பதிலும் தயார். முதலில் மறுப்பாள், அப்புறம் அழுவாள், அப்புறம் என்னை மன்னிச்சிடுங்கப்பா என்பாள், நான் தலையைத் தடவுவேன். எங்கள் டைரக்டர் பார்த்தால் ஒரு வாரத்துக்கு இழுத்திருப்பார்.

மேகலாவைப் பார்த்தேன் என்றேன்.

அவள் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. மறுக்கவில்லை. அழவும் இல்லை. அடுத்து வருவதற்குக் காத்திருந்தாள். எப்படிக் காத்திருந்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்தில், ஹோட்டலில், மேஜைக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் அந்த முகம்தான். நான் அதை யோசிக்கிற முகம் என்றே நினைத்திருக்கிறேன். யோசிக்கிற முகம் இல்லை சார் அது. நான் முடிக்கட்டும் என்று காத்திருக்கிற முகம்.

எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு வரியும் வாயில் வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, ஏறி இறங்கியது, நின்றுவிட்டது. அவள் எடுத்துக்கொடுப்பாளா என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. தோப்பில் யாரோ சிரித்தார்கள், பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம்தான் கேட்டேன்.

'அந்தப் பொண்ணு கடைசியில வாயைத் திறக்குதாமே, மஞ்சு. என்னம்மா சொல்ல வந்தது?'